புத்தாண்டும் ஒரு பாதிக் கதையும்



மலேசியத் தமிழர்களுக்குப் புத்தாண்டுகளுக்குப் பஞ்சமில்லை. சனவரி முதல் நாள் ஒன்று, தை பிறந்தால் ஒன்று, சித்திரையில் ஒன்று. இடையில் சீனப் பெருநாள் வந்தால் பக்கத்து வீட்டாரிடமிருந்து ஆரஞ்சுப் பழக்கூடையோடு இன்னொன்றும் வந்துவிடுகிறது. தை முதல் நாளா, சித்திரை முதல் நாளா என்னும் வழக்கிற்குள் நான் இங்கே நுழையப் போவதில்லை. ஆசிரியர்களைக் கேட்டால், பள்ளி திறக்கும் நாளே எங்களுக்குப் புத்தாண்டு என்பார்கள். 2022 முதல் 2024 வரை மார்ச்சிலும், 2025இல் பிப்ரவரியிலும் தொடங்கிய நம் பள்ளியாண்டு, 2026இல் மீண்டும் சனவரிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. நாள்காட்டியும் பாடக்குறிப்பேடும் ஒன்றாகப் புதிதாவதில் ஒரு மகிழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது.

இவ்வாண்டுக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் இரண்டே வரிகள் எழுதியிருக்கிறேன். ஒன்று, உடம்பைப் பற்றியது. மற்றொன்று, பாதியில் நிற்கும் ஒரு கதையைப் பற்றியது. இரண்டிற்கும் தொடர்பில்லை என்றுதான் எழுதும்போது நினைத்தேன். தொடர்பு இருக்கிறது என்பதை இந்தச் சில வாரங்களில் அறிந்துகொண்டேன். அதனைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதல் வரி: சர்க்கரை

எனக்கு வயது 46. கடந்த நவம்பரில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டபோது, மூன்று மாதச் சர்க்கரை அளவு என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. 6.1 விழுக்காடு என்று வந்தது. சிவப்பணுக்களில் ஒட்டியுள்ள சர்க்கரையை அளப்பது இந்தச் சோதனை. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. ஆகவே நேற்று உண்டதை மட்டுமன்றி, கடந்த இரண்டு மூன்று மாதங்களாக உண்டதை எல்லாம் அது கணக்கு வைத்திருக்கிறது. சோதனைக்கு முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து அதனை ஏமாற்ற முடியாது. தேர்வுக்கு முதல் நாள் இரவில் மட்டும் படிக்கும் மாணவர்களை நமக்குத் தெரியாதா என்ன!

6.1 என்றால் நீரிழிவின் வாசற்படி. உள்ளே போகவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறோம் என்று பொருள். நான் மட்டும் நிற்கவில்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. அதாவது, ஆறு பேருக்கு ஒருவர். இந்தியர்களிடையே இந்த விகிதம் இன்னும் கூடுதல்.

ஏன் கூடுதல்? மரபணு ஒரு காரணம் என்கிறார்கள் மருத்துவர்கள். எனக்குத் தோன்றும் இன்னொன்றையும் சொல்கிறேன். நம்மில் பலருடைய சாப்பாடு தோட்டத்திலிருந்து வந்தது. தோட்டத்தில் காலை உணவு உண்பதற்குப் 'பசியாறுதல்' என்று பெயர். இன்றும் நம் மாணவர்கள் "பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்றுதான் கேட்கிறார்கள். என் அம்மா பால் வெட்டிய காலத்தில், விடிவதற்கு முன்பே காட்டிற்குள் இறங்கி, நூற்றுக்கணக்கான மரங்களை நடந்து நடந்து வெட்டி முடித்த பிறகே தூக்குச் சட்டியைத் திறப்பார். அது மெய்யாகவே பசி ஆறுதல்தான். அந்த உழைப்புக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது. அந்தக் கட்டிப்பால் தேநீரும் தேவைப்பட்டது. உழைப்பைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு, சோற்றையும் தேநீரையும் மட்டும் நகரத்திற்குக் கொண்டுவந்தோம். நான் வகுப்பில் நிற்கிறேன், மகிழுந்தில் அமர்கிறேன், வீட்டில் புத்தகம் திருத்துகிறேன். தட்டு மட்டும் இன்னமும் பால்மரக் காட்டிலேயே இருக்கிறது.

கட்டிப்பாலில் எடைக்கு ஏறக்குறையப் பாதி சர்க்கரைதான். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒரு பெரியவர் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமிற்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள், இருப்பது நன்று. அரசாங்கம் 2019 சூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது; 2025இல் அது 90 சென் ஆயிற்று. ஆனால், அவ்வரி ஆலையில் தயாராகிப் புட்டியிலும் டின்னிலும் வரும் பானங்களுக்குத்தான். ஒட்டுக்கடையில் நமக்காக ஆற்றித் தரும் தே தாரிக்கிற்கு நாமே வரி விதித்துக்கொண்டால்தான் உண்டு.

ஆகவே, என் முதல் வரி மிக எளியது: காலையும் மாலையும் 'தே ஓ கொசோங்'. சர்க்கரை இல்லை, பால் இல்லை. மாலையில் பள்ளித் திடலைச் சுற்றி 30 நிமிட நடை. இரவில் சோறு ஒரு கரண்டி குறைவு. கீரை ஒரு கரண்டி கூடுதல். அவ்வளவே.

இரண்டாம் வரி: அமுதாவின் கதை

2018இல் சிறுவர்களுக்காக ஒரு நெடுங்கதை எழுதத் தொடங்கினேன். 1967ஆம் ஆண்டில், ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வாழும் பத்து வயதுச் சிறுமியின் கதை. அவளுக்கு அமுதா என்று பெயரிட்டேன். அகிலன் எழுதிய 'பால்மரக்காட்டினிலே' போன்ற நாவல்கள் பெரியவர்கள் படிப்பதற்கு உண்டு. ஆனால், நான்காம் ஐந்தாம் ஆண்டு மாணவர் தாமே எடுத்துப் படிக்கும்படி, அவர்களுடைய தாத்தா பாட்டி வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லும் நூல்கள் எங்கள் பள்ளி நூலகத்தில் அரிதாகவே இருக்கின்றன. இன்றைய மாணவரிடம் 'மங்கு' என்றால் விழிக்கிறார்கள். பால் வடியும் கிண்ணம் என்று விளக்க வேண்டியுள்ளது. 'பெரட்டு' என்றால் விடியற்காலையில் ஆள்கணக்கு எடுப்பது. 'ஆயக்கொட்டகை' என்றால் வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். 'ஒட்டுப்பால்' என்றால் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிக்கொண்ட பால். செம்பனை வந்து ரப்பர் மரங்கள் சாய்ந்தபோது, இந்தச் சொற்களும் வேரோடு சாய்ந்துகொண்டிருக்கின்றன.

ஆறு அத்தியாயங்கள் எழுதினேன். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. இணைய வகுப்பும் புலனக் குழுவில் பாடம் அனுப்புவதுமாகப் பொழுதுகள் போயின. கதை ஏழாம் அத்தியாயத்தின் வாசலில் நின்றுவிட்டது. நின்றதற்கு நேரமின்மை மட்டும் காரணமன்று. ஏழாம் அத்தியாயத்தில் அமுதா ஆறாம் ஆண்டை முடிக்கிறாள். அடுத்து அவள் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்தவர் முதலில் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயில வேண்டும். நாள்தோறும் பேருந்துக் காசு வேண்டும். அவள் போகிறாளா, இல்லையா? அந்த முடிவை எழுதக் கை வரவில்லை.

ஏனெனில், என் அம்மா போகவில்லை. அவருக்கு இப்போது 72 வயது. ஆறாம் ஆண்டோடு நின்று, முதலில் தம்பிகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு உளியைக் கையில் எடுத்தார். இருபது ஆண்டுகளாக நீரிழிவு. அது விழித்திரையைத் தாக்கி, இப்போது எழுத்துகள் அவருக்குத் தெரிவதில்லை. முகங்கள் தெரிகின்றன; நாளிதழின் பெரிய தலைப்புகள்கூடத் தெரிவதில்லை. நான் எழுதும் கதையை அவர் ஒருநாள் தாமே படிப்பார் என்று எண்ணியிருந்தேன். இனி நான் படிக்க அவர் கேட்க வேண்டும். அதற்கும் காலம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. சில பெயர்கள் அவருக்கு மறக்கத் தொடங்கியுள்ளன.

மெல்லச் சீவுதல்

உளியைக் கீழே வைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அம்மாவுக்கு விடியற்காலை நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும். பெரட்டுக்குப் போன உடம்பு அது. இவ்வாண்டு முதல் நான் இரவு பத்து மணிக்குப் படுத்து, ஐந்து மணிக்கு எழுகிறேன். இருவருக்கும் சர்க்கரையில்லாத் தேநீர். அம்மா பேசுகிறார், நான் எழுதுகிறேன். இருபது நிமிடம். பிறகு பள்ளிக்குப் புறப்பாடு.

முதல் வாரத்தில் எனக்கு வேகம் தாங்கவில்லை. நாள்தோறும் இரண்டு பக்கம், தைப்பூசத்திற்குள் ஏழாம் அத்தியாயம் முடிவு, பங்குனிக்குள் நூல் என்று திட்டமிட்டு அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"பட்டைய மெலிசா சீவணும் பாப்பா. ஆழமா வெட்டினா அன்னிக்குப் பால் நெறையத்தான் வரும். மரம் காயம்பட்டுப் போவும். அப்புறம் அந்த எடத்துல பட்டை முண்டும் முடிச்சுமா வளரும், வெட்டவே முடியாது. தெனமும் வெட்டினாலும் மரம் காஞ்சிடும்."

இது வெறும் உவமையன்று. மரத்தின் இயல்பே அதுதான். பால்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில், மரம் வளரும் மெல்லிய அடுக்கிற்கு மிக அருகில் செறிந்திருக்கின்றன. அந்த அடுக்கைத் தொடாமல், அதே நேரத்தில் பால்குழாய்களை எட்டும்படி, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமே சீவ வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டும் முறையில் மரத்திற்கு ஓய்வும் கிடைக்கிறது. அப்படி வெட்டினால் சீவிய பட்டை மீண்டும் வளர்ந்து, சில ஆண்டுகளில் அதே இடத்தில் மறுபடியும் வெட்டலாம். ஒரு மரம் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பால் தருவது இவ்வாறுதான்.

அன்றே திட்டத்தை மாற்றிக்கொண்டேன். திங்கள், புதன், வெள்ளி மட்டும் கதை. ஒரு நாளைக்குப் பத்து வரி. மற்ற நாள்களில் அம்மா பேசுவதைக் கேட்பது மட்டுமே. மழை பெய்தால் பால்வெட்டு இல்லையன்றோ; அதுபோல் பள்ளியில் வேலை மிகுந்த நாள் எனக்கு மழைநாள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரையும் இதற்கு அரண் செய்கிறது. ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆயிற்று; சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்னும் கணக்கு. இடையில் ஒரு நாள் தவறுவதால் பெரிய கேடில்லை என்பதும் அதன் முடிவு. சனவரி முதல் நாளிலிருந்து எண்ணினால் 66ஆம் நாள் மார்ச் 7. ஆகவே, பிப்ரவரிக்குள் புத்தாண்டுத் தீர்மானம் தோற்றுவிட்டதாக யாரும் முடிவுகட்ட வேண்டியதில்லை.

கதையின் சிக்கலும் ஒருவாறு இளகியது. அமுதாவை இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "கதையிலாவது போகட்டும்" என்பார் என எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி இருந்தார். பிறகு சொன்னார்:

"போகட்டும். ஆனா அவ போயிட்டா தம்பிங்கள யாரு பாத்தா? அதையும் எழுது."

ஓர் எழுத்துப் பட்டறையில் நான் கற்றிருக்கக் கூடியதைவிட இது பெரிய பாடம். ஏழாம் அத்தியாயம் இப்போது அமுதாவைப் பற்றியதாக மட்டும் இல்லை. அவள் பேருந்தில் ஏறும் காலையில், லயத்து வாசலில் இடுப்பில் குழந்தையோடு நிற்கும் அவள் அக்காவைப் பற்றியதாகவும் இருக்கிறது. அந்த அக்கா முதல் ஆறு அத்தியாயங்களில் ஒரு வரிகூடப் பேசியதில்லை. இனிப் பேசுவாள். இதுவரை மூன்று பக்கங்கள் வந்துள்ளன.

நாமும் மாணவரும்

ஆசிரியர்களும் பெற்றோர்களும் விரும்பினால் செய்து பார்க்கக் கூடிய மூன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

1. மாணவர் நீர்ப்புட்டியில் வெறும் நீரே இருக்கட்டும். நிறநீர் வேண்டா. ஆசிரியர் மேசையிலும் அதுவே இருந்தால், அறிவுரை தேவைப்படாது.

2. வாரம் ஒரு சொல். தாத்தா பாட்டியிடம் கேட்டு, இன்று வழக்கொழிந்துவரும் ஒரு சொல்லை மாணவர் கொண்டுவரட்டும். எங்கள் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் தொடங்கியிருக்கிறோம். முதல் வாரமே 'காண்டாக் கம்பு' வந்தது. இரு பால்வாளிகளைத் தோளில் சுமக்கும் கம்பு. கொண்டுவந்த மாணவன், தன் தாத்தாவின் தோளில் இன்றும் காய்ப்பு இருப்பதாகச் சொன்னான். வகுப்பு அமைதியாயிற்று.

3. மாணவர் பாதியில் விட்ட கதைகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு கோப்பில் இட்டு வையுங்கள். அடுத்த தவணையில் அவர்களிடமே கொடுத்து, "இதற்குப் பிறகு என்ன?" என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்த இரத்தப் பரிசோதனை ஏப்ரலில். எண் குறையலாம், குறையாமலும் போகலாம். கதை இவ்வாண்டுக்குள் முடியுமா என்பதும் தெரியாது. ஆனால், நாளை வெள்ளிக்கிழமை, வெட்டு நாள். அக்கா பேசத் தொடங்கும் இடத்தில் பத்து வரி எழுத வேண்டும். அம்மா நான்கு மணிக்கே விழித்துக் காத்திருப்பார்.

அனைவருக்கும் இனிய பள்ளியாண்டாக அமைய வாழ்த்துகள்.