முகத்துவாரத்திலிருந்து ஒரு கடற்பயணம்

களனி கங்கை 145 கிலோமீற்றர் ஓடிவந்து கடலில் விழும் இடம் எங்கள் முகத்துவாரம். கொழும்பு என்றால் கோட்டையும் வெள்ளவத்தையும்தான் என்று நினைக்கும் சகோதரிகள் ஒருநாள் இந்தப் பக்கமும் வந்து பாருங்கள். மீன்பிடித் துறைமுகம், காளி கோயில், தேவாலயம், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து வந்த எனக்கு இங்கே முதலில் பழகியது கருவாட்டு வாசனைதான்.

கடந்த தை மாதம் சுழியோடிகள் கழகமொன்று சிங்கி இறால் பிடிக்கப் போனபோது என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார்கள். அதில் ஒருவன் பக்கத்து வீட்டுப் பிள்ளை. "அன்ரி, நீங்கள் சும்மா இருந்து பாருங்கோ" என்றான். பெண் ஏறினால் கடல் குழம்பும் என்று கரையில் ஒரு பெரியவர் முணுமுணுத்தார். கடல் குழம்பவில்லை.

ஆற்றின் மண்நிறத் தண்ணீர் கொஞ்சத் தூரம் எங்களோடு வந்தது. பிறகு பச்சைக் கடல். 2021 மே 20ஆம் திகதி எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது இந்தக் கடலில்தான். அதிலிருந்து கொட்டுண்ட பிளாஸ்டிக் குருணைகளைக் கரையில் மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். மீன்பிடிக்கத் தடை வந்தது, மீன் வாங்கவும் சனம் பயந்தது. மீன் விற்றுப் பிழைத்த பெண்கள் அந்த நாட்களில் அடுப்பெரிக்கப் பட்ட பாடு தனிக்கதை.

இருபது மீற்றர் ஆழத்தில் பாறை இருந்த இடத்தில் பிள்ளைகள் காற்றுச் சிலிண்டரோடு குதித்தார்கள். அரை மணித்தியாலம் நீர்க்குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வரும்போது ஐந்து மீற்றரில் அப்படியே நின்றுவிட்டார்கள். எனக்குப் பதறியது. "மூன்று நிமிடம் நின்றுதான் வருவார்கள் அக்கா" என்றார் படகோட்டி.

என் அண்ணா மன்னாரில் சங்கு குளித்தவர். ஒரே நாளில் பல தடவை சிலிண்டரோடு இறங்கி, விறுவிறென்று மேலே வருவார். ஒருநாள் கால் விறைத்துவிட்டது. ஊரில் வாதம் என்றார்கள், எண்ணெய் தேய்த்தார்கள். சாகும்வரை தடியோடுதான் நடந்தார்.

ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் நீரின் அழுத்தம் கூடுகிறது. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்தில் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல அது குமிழியாகிறது. மூட்டுவலி, கால் விறைப்பு, தலைச்சுற்று, சிறுநீர் போகாமை எல்லாம் அதனால் வரலாம். உங்கள் வீட்டில் கடலட்டைக்கோ சங்குக்கோ சுழியோடுபவர் இருந்தால் இதைக் கேட்டு வையுங்கள். இப்படி ஏதும் தெரிந்தால் நேராகப் படுக்க வைத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். "இவர் சுழியோடியவர்" என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒட்சிசன் கொடுப்பார்கள். தேவையானால் உயரழுத்த அறையுள்ள இடத்துக்கு அனுப்புவார்கள். திரும்பக் கடலில் இறக்கினால் சுகமாகும் என்று கூட்டாளிகள் சொல்வார்கள், விடாதீர்கள்.

அன்று கிடைத்தவை பதினொன்று. இரண்டின் வயிற்றடியில் முட்டை. உடனே கடலில் விட்டார்கள். முட்டையோடு பிடிப்பது சட்டப்படி குற்றம். பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் சிங்கி இறால் பிடிக்கவே கூடாது.

மிச்சத்தில் ஒன்று எனக்கு. தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தேன். அந்த நீட்டு மீசையைப் பார்த்த பேத்தி சட்டிப் பக்கமே வரவில்லை. குழம்பை மட்டும் சோற்றில் விட்டு மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.