பூஸ்டரைக் காப்பாற்றத் தெரிந்தவனுக்கு

அன்புள்ள தம்பி பாபுவுக்கு,

அக்கா எழுதுவது. இந்த வாரம் நைட் ஷிஃப்ட். இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனி பஸ் ஏறியதுமே கண் செருகுகிறது. ஹாஸ்டலுக்கு வந்ததும் தூக்கம் போய்விடுகிறது. எல்லாம் நீ லேப்டாப்பில் ஏற்றிவிட்டுப் போன ‘கேவ் ஸ்டோரி’ பண்ணுகிற வேலை. காசில்லாமல் கிடைக்கிற கேம், சுமார் ஒரு எம்பிதான் இருக்கும், அது மனுஷியை இந்தப் பாடா படுத்தும்?

அடி பட்டால் லைஃப் குறையட்டும், நியாயம். கையிலிருக்கிற துப்பாக்கியும் சேர்ந்து இளைத்துப்போகிறதே! முக்கோணமாய்ச் சிதறுவதையெல்லாம் பொறுக்கி மூன்றாம் லெவலுக்கு ஏற்றினால், ஒரு வௌவால் வந்து இடித்து இறக்கிவிடுகிறது.

அதில் வருகிற பேராசிரியர் பூஸ்டர் விஷயத்தில்தான், கேமைச் செய்த உன் அமாயாவோடு எனக்குத் தீராத சண்டை. விழுந்து கிடக்கிறவரிடம் போய்ப் பேசினால் தன் கருவியைக் கொடுத்துவிட்டுச் செத்துப்போகிறார். கண்டுகொள்ளாமல் தாண்டிக் குதித்துப் போனால் பிழைத்து, பிற்பாடு அதைவிட நல்லதாக ஒன்று தருகிறார். அது இல்லாமல் கடைசிப் பாதாளத்துக்கும் போக முடியாது. விழுந்தவரைத் தாண்டிப் போக யாருக்கடா மனசு வரும்? நீயும் யூட்யூப் பார்த்துத்தானே தெரிந்துகொண்டாய், மறைக்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிப்ளமோவை விட்டுவிட்டு கேம் செய்யப்போகிறாயாமே? அம்மா போனில் ஒரே அழுகை. அமாயாவை உதாரணம் காட்டினாயாம். கதை, படம், இசை, புரோகிராம் எல்லாம் அவர் ஒற்றை ஆளாகச் செய்ததுதான். இசை அமைக்கவே தனியாக ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டவர். ஆனால் 2004 டிசம்பரில் வெளியிடும்வரை ஐந்து வருஷம், ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து செய்தார். கல்லூரியில் தொடங்கியது, வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. இந்தப் பாதியை அம்மாவிடம் ஏனடா சொல்லவில்லை?

நீ கேம் செய்தால் எனக்குப் பெருமைதான். அன்றைக்குக் காட்டினாயே, கோழி வேலி தாண்டுகிற கேம், அதை ரூம் பெண்கள் இன்னும் கேட்கிறார்கள். ஆனால் இங்கே எந்த கம்பெனி கேட்டிலும் முதலில் கேட்பது சர்டிபிகேட். என் பக்கத்தில் நிற்கிறவள் படிப்பைப் பாதியில் விட்டவள். டிரெய்னி காலம் முடிந்ததும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்களோ என்று தினமும் பயந்துகொண்டே ஸ்க்ரூ முடுக்குகிறாள். உன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க என்னால் முடியாது.

கணக்கு அரியருக்குப் பணம் ஜிபேயில் அனுப்பியிருக்கிறேன். நாளைக்கே ஃபீஸ் கட்டிவிட்டு அம்மாவுக்கு போன் போடு.

அன்புடன்,
அக்கா