என் வயிறும் என் அடுப்பும்

தலையிடி, காய்ச்சல் என்றால் எவரிடமும் சொல்லலாம். மலத்தோடு இரத்தம் போகிறது என்பதை ஒரு பெண் எப்படிச் சொல்வது? ஆனாலும் சகோதரிகளே, அதைத்தான் இங்கு எழுதப் போகிறேன். இதை வாசிக்கும் யாரோ ஒருத்தி இப்போதும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு இதே கவலையோடு இருக்கக்கூடும்.

2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது வயிற்றோட்டம் வராதவர்கள் எங்கள் வரிசையில் இல்லை. எனக்கும் வந்தது, பிறகு நின்றது. 2010 இறுதியில் ஊருக்குத் திரும்பினோம். நானும், மகளும், மாமியும்தான். கணவர் பற்றிய தகவல் எதுவும் இல்லை. அடுத்த வருட மாரியில் மறுபடி தொடங்கியது. இம்முறை அது நிற்கவில்லை. நாளுக்கு ஏழெட்டுத் தடவை, சளியும் இரத்தமும். இரவிலும் எழும்ப வேண்டும். அப்போது எங்கள் காணியில் மலசலகூடம் கட்டி முடியவில்லை. இருட்டில் ரோச் லைற்றோடு பற்றைக்குப் போய்வருவது என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஓரிடத்தில் காட்டினேன், வயிற்றுளைவு என்று மருந்து தந்தார்கள். இன்னோரிடத்தில் மூலவியாதி என்றார்கள். இரண்டு இடத்திலும் என்னைக் கட்டிலில் படுக்க வைத்துக்கூடப் பார்க்கவில்லை. நிறை குறைந்தது, கண் வெளிறியது. "யோசனைதான் உன்னைத் தின்னுது பிள்ளை" என்றார் மாமி. ஊரிலும் அப்படித்தான் சொன்னார்கள். புருசனைத் தேடுகிறவளுக்கு எந்த வருத்தம் வந்தாலும் அது யோசனை என்றே முடிவாகிவிடும்.

2013இல் ஓர் இளம் பெண் டொக்டர் தான் முழுதையும் கேட்டார். எத்தனை தடவை, எத்தனை மாதம், இரவிலும் போகிறதா என்று கேட்டுக் கடிதம் எழுதி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். அங்கே குழாய்க் கமெரா விட்டுப் பெருங்குடலைப் பார்த்தார்கள். கொலோனோஸ்கோபி என்று பெயர். சிறு துண்டு சதை எடுத்தும் சோதித்தார்கள். 'அல்சரேற்றிவ் கொலைற்றிஸ்' என்று கொப்பியில் எழுதினார்கள்.

பெருங்குடலின் உட்தோல் அழன்று புண்ணாகும் நோய் இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குவதால் வருகிறது. ஏன் அப்படித் தாக்குகிறது என்பது இன்னும் முழுதாகக் கண்டறியப்படவில்லை. தொற்றாது. என் கோப்பையில் தண்ணீர் குடிக்கப் பயந்த அயலவர்களுக்கு இதை நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். சிலகாலம் அடங்கியிருக்கும், சிலகாலம் கிளம்பும். மனக்கவலை இந்த நோயை உண்டாக்குவதில்லை, ஆனால் அடங்கியிருப்பதைக் கிளப்பிவிடலாம் என்று டொக்டர் சொன்னார். மாமி சொன்னதில் பாதி சரி.

சல்பாசலசீன் குளிசையும் போலிக் அசிட்டும் தொடர்ந்து தந்தார்கள். கிளம்பும் காலத்தில் சில கிழமைக்குப் பிரெட்னிசலோன். அதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மூட்டு நோவுக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபெனக், இபுபுரூபன் போன்றவை இந்த நோயைக் கிளப்பக்கூடும் என்பதையும் அங்குதான் அறிந்தேன். "இந்தச் சாப்பாடு சாப்பிட்டால் மாறிவிடும் என்று யாரும் சொன்னால் நம்பாதேங்கோ அம்மா. சாப்பாடு குடலுக்கு ஓய்வு தரும், மருந்து வேறு" என்றார் டொக்டர்.

சரி, அடுப்படிக்கு வருவோம். மகளின் பழைய பாடசாலைக் கொப்பியில் நாள்தோறும் என்ன சாப்பிட்டேன், எத்தனை தடவை போனேன் என்று எழுதத் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் கொப்பியே எனக்குப் பாடம் சொன்னது. மிளகாயைத்தான் நான் சந்தேகப்பட்டேன். அது உண்மைதான். ஆனால் விடியப்புறம் வெறுவயிற்றில் குடித்த மாப்பால் தேத்தண்ணியும் பொருமலைத் தந்தது. தயிர் ஒன்றும் செய்யவில்லை. கிளினிக்கில் பழக்கமான ஓர் அக்காவுக்குத் தயிரே ஆகாது. ஆளுக்கு ஆள் வேறு. அதனால் என் பட்டியலை அப்படியே பிடிக்காமல் நீங்களும் ஒரு கொப்பி வையுங்கள்.

கிளம்பும் நாட்களில் தவிட்டுச் சிவப்பரிசியை நிறுத்திவிடுவேன். வெள்ளைப் பச்சையரிசிக் கஞ்சி, உப்புப் போட்டு. வெள்ளை மா இடியப்பத்தோடு மிளகாய் போடாத தண்ணிச் சொதி. தோல் சீவி விதை எடுத்த பூசணி, கரட், உருளைக்கிழங்கு குழைய அவித்து. விளைமீன் கிடைத்தால் மஞ்சளும் உப்பும் போட்டு அவியல். முட்டை. நன்றாகப் பழுத்த வாழைப்பழம். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக. கச்சான், கடலை, கௌபி, முருங்கைக்காய், பலாக்காய், சோடா எதுவும் கிட்ட வராது. வயிற்றால் அதிகம் போனால் ஜீவனி கரைத்துக் குடிப்பேன், வெறும் தண்ணீர் போதாது.

அடங்கிய பின்பும் இதையே பிடித்துக்கொண்டிருப்பது கூடாது. பயத்தில் கஞ்சியோடு நின்றால் இரத்தம் குறைந்து எலும்பும் தோலுமாகிவிடுவோம். ஒரு நேரத்தில் ஒரு பொருள், ஒரு கரண்டி, இரண்டு மூன்று நாள் பார்த்து அடுத்தது. சிவப்பரிசிச் சோற்றுக்கும் கீரைக்கும் அப்படித்தான் திரும்பினேன். ஒடியற் கூழுக்கு மட்டும் இன்னும் துணியவில்லை, வாசம் பிடிப்பதோடு சரி.

விறகடுப்பில் இரண்டு சமையல் முடியாது. மகளுக்கோ உறைப்பில்லாமல் சோறு இறங்காது. கறியைத் தூள் போடாமல் வேகவைத்து என் பங்கை முதலில் எடுத்துவிடுவேன். பிறகு மிச்சத்துக்குத் தூளைப் போட்டு இன்னொரு கொதி. ஒரே சட்டி, இரண்டு கறி. நோயாளிக்குத் தனிச்சமையல் என்று புத்தகத்தில் எழுதுகிறவர்கள் விறகு பொறுக்கிப் பார்த்ததில்லைப் போலும்.

2014இல் காணாமற்போனோர் பற்றிய விசாரணைக்குப் போகவேண்டி வந்தபோது வயிறு கிளம்பியிருந்தது. பெயர் கூப்பிடும் நேரம் நான் வெளியே நின்றால் என்ன செய்வது? இரண்டு நாள் முன்பே கஞ்சிக்கு மாறினேன். பையில் மாற்றுடுப்பு, ஜீவனி, அவித்த கிழங்கு. பக்கத்தில் இருந்த ஒரு தாயிடம் விசயத்தைச் சொல்லி வைத்தேன். "நீ போயிட்டு வா பிள்ளை, கூப்பிட்டால் நான் சொல்லுறன்" என்றார். மகனைத் தேடி வந்தவர். இரண்டு தடவை போய்வந்தேன். பெயர் கூப்பிட்டபோது கதிரையில்தான் இருந்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதுதான் உண்மையில் பயந்தேன். கிளினிக்கில் குளிசை இல்லை, வெளியே விலை ஏறிவிட்டது. தைத்துக் கொடுத்த சட்டைக் காசெல்லாம் குளிசைக்குப் போனது. வேப்பிலைச் சாறு குடித்துக் குளிசையை விடச் சொன்னவர்களும் உண்டு. சாறு அவர்களோடு, குளிசை என்னோடு.

நோய் வந்து எட்டு வருடம் அளவில் ஆனவர்கள் மறுபடி கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும். நீண்டகால அழற்சியால் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடுவதால் முன்கூட்டியே பார்க்கிறார்கள். எனக்கு ஒருமுறை பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த திகதியும் கொப்பியில் இருக்கிறது. முதல்நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்தான். செவ்விளநீருக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.