பிளக்கைப் பிடுங்கிய பிறகு

என் அக்கா மகன் பாலிடெக்னிக் மாணவன். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சாமான்களை வைத்து வீட்டிலேயே பவர் சப்ளை ஒன்று கட்டினான். முதல் நாளே அது புகைந்து அடங்கியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் போர்டைத் தொட்டான். ஆனாலும் ஷாக் தூக்கி எறிந்தது. பயம் தெளியாமல் இருந்த எங்கள் இருவரையும் ஒரு நண்பர் அம்பத்தூருக்கு அனுப்பிவைத்தார்.

1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டை அது. இன்றைய கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், லேத் பட்டறைகளுக்கு நடுவே, பத்துக்குப் பத்தில் ஒரு ஷெட். யுபிஎஸ், ஸ்டெபிலைசர், வெல்டிங் மெஷின் எல்லாம் பழுதுபார்க்கிறார் அங்கே ஓர் அண்ணன். வயது அறுபது இருக்கும். அம்பத்தூர் அரசு ஐடிஐயில் படித்து, வீட்டுக்கு வீடு டி.வி. வந்த காலத்தில் ஸ்டெபிலைசர் கட்டப் போனவர். டிரான்ஸ்பார்மருக்குக் காயில் சுற்றும் கணக்கையும் சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை, அதை விட்டுவிடுகிறேன். என் கண் முழுக்க ஆணியில் தொங்கிய ஒரு சாமான் மேல்தான் இருந்தது.

வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி போன்ற 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர், 2.2 கிலோ ஓம். அதைப் பிவிசி பைப்புக்குள் அடக்கி, ஒரு பக்கம் உறை போட்ட முதலைக் கிளிப்பும் மறுபக்கம் மீட்டர் ப்ரோபும் கோத்திருந்தார். “இதுக்கு நான் வெச்ச பேரு வடிகால் சார்.”

பையனைப் பார்த்துச் சொன்னார்: “மோட்டார நிறுத்திட்டா மாடித் தொட்டி காலியாயிடுமா தம்பி? கண்டன்சரும் அப்படித்தான். ஓடுற சப்ளைன்னா லோடு இழுத்துக் காலி பண்ணிடும். செத்துப்போன சப்ளையிலதான் அப்படியே நிக்கும்.”

230 வோல்ட் ஏசி, ரெக்டிஃபையரைத் தாண்டினால் 325 வோல்ட் டிசி. 470 மைக்ரோஃபாரட் கண்டன்சரில் அது நிரம்பினால் 25 ஜூல் ஆற்றல். இரண்டரைக் கிலோ படிக்கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவோ, அவ்வளவு. ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறினால் அது நெஞ்சு வழியாகத்தான் போகும். அவருக்கே ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது. அன்று கழற்றிய மோதிரத்தை வேலை நேரத்தில் அவர் மறுபடி போட்டதில்லை.

செய்து காட்டினார். பிளக் வெளியே. முதலில் ஒரு 9 வோல்ட் பேட்டரியில் மீட்டரைச் சோதித்தார். மீட்டரே கெட்டிருந்தால் அது காட்டும் பூஜ்யத்தை நம்ப முடியாதல்லவா? பிறகு மீட்டரை டிசி 600-இல் வைத்துக் கண்டன்சரைப் பார்த்தார்: 310. இடது கை முதுகுக்குப் பின்னால் போனது. வடிகாலைக் கண்டன்சரின் இரு காலிலும் சேர்த்துப் பத்து நொடி பிடித்தார். பொறி இல்லை, சத்தமில்லை. மீட்டரில் ஒரு வோல்ட்டுக்கும் கீழே. சற்றுப் பொறுத்து மறுபடி வைத்தபோது எண் லேசாக ஏறியிருந்தது. பெரிய கண்டன்சர்கள் இப்படித் தாமாகவே கொஞ்சம் எழும்; வேலை முடியும்வரை வடிகாலை மாட்டியே வைக்கிறார்.

“ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணலாமே?” என்றான் பையன். அண்ணன் நுனி உருகிப்போன ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

கண்டன்சருக்குக் குறுக்கே 100 கிலோ ஓம், 2 வாட் ப்ளீடர் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகச் சால்டர் வைத்துவிட்டால் நாலு நிமிடத்தில் தானே வடிந்துவிடும். சில ரூபாய் சாமான். இவருக்குப் பீஸ் கணக்கில் போர்டு கட்டக் கொடுத்த இடைத்தரகர் ஒருவர், சாமான் பட்டியலில் முதலில் அடித்தது அதைத்தான். இவர் எதிர்த்துப் பேசினார். அடுத்த மாதம் வேலை வேறு ஷெட்டுக்குப் போய்விட்டது. கட்டியவருக்கும் லாபமில்லை, வாங்கியவருக்கும் விலை குறையவில்லை. மிச்சம் பிடித்த காசு நடுவில் இருந்தவர் பைக்குப் போனது. ஷாக் மட்டும் பெட்டியைத் திறக்கப்போகும் ஏதோ ஒரு மெக்கானிக்குக்கு. இது திருட்டு. உயிரோடு விளையாடும் திருட்டு.

கிளம்பும்போது பையனுக்கு ஒரு வடிகால் கட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டில் பவர் சப்ளை கட்டும் தம்பி, தங்கைகளே, முதல் தடவை ஸ்விட்ச் போடுவதற்கு முன்பே ப்ளீடரைச் சால்டர் வைத்துவிடுங்கள். அது இருந்தாலும், மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள்.