சபி கழற்றிய சீருடை

திரியாய்க் கடற்கரையில பின்னேரம் நிண்டால் தூரத்தில கடற்படைப் படகொண்டு தெரியும். கடற்படை எண்டதும் எங்கட சனத்துக்கு வாற நினைவுகள் வேற, அதை இன்னொரு நாள் எழுதுறன். நேற்று எனக்கு ஞாபகம் வந்தது சபி கிரி.

2010 இல, மனீஷ் எண்ட பெயரில இந்தியக் கடற்படையில சேர்ந்தவ. 2016 இல லீவில போய்ப் பாலின மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தா. வேலை செய்த விசாகப்பட்டினத்துக்குத் திரும்பி வந்த தன்னை மனநோய் விடுதியில வைச்சிருந்தவை எண்டு அவவே சொல்லியிருக்கிறா. 2017 ஒக்ரோபரில வேலை போச்சு. ஆணாய் எடுத்த ஆள் இப்ப ஆண் இல்லையாம், விதியில இடமில்லையாம். அந்த நேரம் பெண்களை மாலுமியா எடுக்கிறதே இல்லை. அந்தக் கதவு திறந்தது 2022 இல. மாலுமிக்குப் பென்சன் வர 15 வருசச் சேவை வேணும். சபிக்கு ஏழுதான்.

1957 வரைக்கும் எங்கட திருகோணமலைத் துறைமுகத்தை வைச்சிருந்த பிரித்தானியக் கடற்படையும் திறமில்லை. முந்தி தன்பாலீர்ப்பு எண்டு தெரிஞ்சால் வீட்டுக்குத்தான். டங்கன் லஸ்டிக்-பிரீன் எண்ட அதிகாரியும் வேற மூண்டு பேரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1999 இல வெண்டினம். அடுத்த ஜனவரியில தடை போச்சு.

இங்க? தன்பாலுறவைக் குற்றமாக்கிற 365, 365அ பிரிவுகள் இருக்கிற தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டுச் சரக்கு. அந்தப் பிரிவுகளைத் திருத்திற சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை எண்டு 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொல்லிப்போட்டுது. பாராளுமன்றத்துக்குத்தான் இன்னும் நேரம் வரேல்லை.