பிணக் கணக்கு

எண் பொய் சொல்லாது என்பார்கள். தோட்டத்துக் கிராணியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் கணக்கெழுதி வரும் எனக்கு அவ்வார்த்தையில் அத்தனை நம்பிக்கையில்லை. இன்ன எண்ணே வேண்டுமென்று மேலிடம் விரும்புமாயின், அவ்வெண் எப்படியாவது பிறந்தே தீரும். வியட்நாமில் அமெரிக்கர் நடத்திய யுத்தத்தைவிட இதற்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

1965-ம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்கப் போர்ப்படை தாநாங் கடற்கரையில் இறங்கிற்று. பிற யுத்தங்களில் பிடித்த ஊரையும் இழந்த ஊரையும் கொண்டு வெற்றி தோல்வியை அளக்கலாம். அங்கோ போர்முனை என்று ஒன்றில்லை. பகலில் சர்க்கார் வசமிருந்த கிராமம் இரவில் எதிரியின் வசமாயிற்று. ஆகவே, எதிரியின் பிணங்களை எண்ணத் தலைப்பட்டனர். எண்ணிக்கை மிகுந்த அதிகாரிக்கு நற்பெயரும் பதவி உயர்வும் கிட்டின. பிறகு கேட்க வேண்டுமா? செத்துக் கிடந்த குடியானவனும் எதிரியின் பட்டியலில் ஏறினான். கணக்கில் அமெரிக்காவே ஜெயித்துக்கொண்டிருந்தது!

1967 நவம்பரில் தளபதி வெஸ்ட்மோர்லண்ட் வாஷிங்டனுக்கு வந்து, முடிவு கண்ணுக்குத் தென்படத் தொடங்கிவிட்டதென்று பேசினார். 1968 ஜனவரி இறுதியில், வியட்நாமியப் புத்தாண்டையொட்டி, நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் தாக்குதல் மூண்டது. சைகோனில் அமெரிக்கத் தூதரகத்தின் மதிலுக்குள்ளேயே சண்டை நடந்தது. தாக்கியவர்களே மிகுதியாக மாண்டனர். கணக்குப்படி அதுவும் அமெரிக்க வெற்றிதான். ஆயினும், ஒடிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட எதிரிக்கு இத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று டெலிவிஷன் முன் அமர்ந்திருந்தவன் கேட்டான். பிப்ரவரி 27-ம் தேதி செய்தியாளர் வால்ட்டர் குரோங்கைட், யுத்தம் வெற்றியின்றித் தேங்கி நிற்கிறதென்று நாடறியக் கூறினார். மார்ச் 31-ம் தேதி ஜனாதிபதி ஜான்சன், மறுபடி தேர்தலுக்கு நிற்பதில்லையென்று அறிவித்தார்.

குரோங்கைட் பேசினார், அமெரிக்கா மனம் மாறிற்று என்று சொல்வோர் உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், படையனுப்பியது தவறா என்று காலப் நிறுவனத்தார் கேட்டபோது 1965 ஆகஸ்டில் ஆமென்றவர் நூற்றுக்கு 24 பேர். குரோங்கைட் வாய் திறக்குமுன்னரே, 1967 அக்டோபரில், 47 பேர். 1968 ஆகஸ்டில் 53 பேர். கட்டாயப் படைச்சேர்ப்புக் கடிதமும் சவப்பெட்டியும் வந்து சேர்ந்த வீடுகளில் எவரும் பேச வேண்டியிருக்கவில்லை.

செக்ரோலில் ஆள்வாரியாகப் பெயர் எழுதுகிறோம். மேலே போவதோ மொத்தம் மட்டுமே. 1969 ஜூன் 27-ம் தேதியிட்ட ‘லைஃப்’ பத்திரிகை இதைத் தலைகீழாக்கிற்று. ஒரே வாரத்தில் மாண்டோரென அறிவிக்கப்பட்ட 242 அமெரிக்கரின் படங்களைக் கிடைத்தமட்டில் சேகரித்து, பெயர், வயது, ஊருடன் பக்கம் பக்கமாக அச்சிட்டது. யுத்தம் நல்லதா கெட்டதா என்று அப்பக்கங்கள் வாதாடவில்லை. வாரந்தோறும் செய்தியில் கேட்டுப் பழகிப்போன எண் அன்று பையன்களாக எதிரே நின்றது.

நிற்க. பொதுஜன அபிப்பிராயம் திரும்பியது வியட்நாமியர்மீது கொண்ட இரக்கத்தாலா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1968 மார்ச் 16-ம் தேதி மை லாயில் பெண்டு பிள்ளைகளை அமெரிக்கச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ளினர். ஓராண்டுக்கு மேல் மறைந்திருந்த அச்செய்தியை 1969 நவம்பரில் ஸீமோர் ஹெர்ஷ் வெளிப்படுத்தினார். 1971 மார்ச்சில் ராணுவ நீதிமன்றம் லெப்டினன்ட் கேலியைக் குற்றவாளியெனத் தீர்த்தபோது, அத்தீர்ப்பை ஒப்பாதவர் நூற்றுக்கு 79 பேர்! மேலதிகாரிகளை விட்டு இவனை மட்டும் தண்டிப்பதா என்று அவர்களில் பலர் கேட்டனர், அக்கேள்வியில் நியாயமில்லாமலில்லை. ஆனால், இரண்டு மாதங்களில், யுத்தமே தவறென்றவர் 61 பேராயினர். தம் பிள்ளைகள் செத்தது போதும் என்றார்கள்; பிறர் பிள்ளைகள் அக்கணக்கில் வரவில்லை.

வாஷிங்டனில் 1982-ம் ஆண்டில் எழுந்த கறுப்புச் சுவரில் 58,000-க்கு மேற்பட்ட அமெரிக்கப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மை லாயை உள்ளடக்கிய சோன் மை கிராமத்து நினைவகத்திலும் ஒரு பலகை உண்டு. அதில் 504 பெயர்களும், ஒவ்வொரு பெயருக்கும் நேரே வயதும் எழுதப்பட்டிருக்கின்றன.