யானையை முழுசாகத் தடவ விடுங்கள்

என் மகளை முதல்முறை பார்க்கிறவர்கள் பலரும் அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்க்கிறார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "கொஞ்சம்கூடத் தெரியாதாம்மா?" என்கிறார்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் கண்ணால் எதுவும் தெரியாது. ஆனால் ஆடும் கையின் காற்றும் வளையல் சத்தமும் நன்றாகவே தெரியும். "யாரும்மா கைய ஆட்டுறது?" என்று அவள் கேட்டதும் அந்தக் கை சட்டென்று இறங்கிவிடும்.

அவளுக்கு இருப்பது லீபர் பிறவிப் பார்வையிழப்பு. மருத்துவமனையில் எல்.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தியோடர் லீபர் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1869-ல் விவரித்த நோய் இது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் ஒரு குறையும் தெரியாது. உள்ளே விழித்திரையில் ஒளியை வாங்கிக்கொள்ளும் செல்கள்தான் வேலை செய்வதில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது அவள் கருவிழிகள் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தன. முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. மதுரையில் இ.ஆர்.ஜி. எடுத்தார்கள். ஒளி பட்டதும் விழித்திரையில் எழும் மின்துடிப்பை அளக்கும் சோதனை அது. ஏறி இறங்க வேண்டிய கோடு தாளில் ஏறக்குறைய நேராகப் போயிருந்தது. டாக்டர் அதைக் காட்டி, கண்ணாடியாலோ ஆபரேஷனாலோ இது சரியாகாது என்று மெதுவாகச் சொன்னார்.

என் கணவர் எனக்கு அத்தை மகன். சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்று பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். இந்த நோயைத் தரும் ஜீன்கள் இருபதுக்கும் மேல் உண்டு. பெரும்பாலும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று பழுதான இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். ஒரு பிரதி மட்டும் இருப்பவருக்குப் பார்வையில் ஒரு குறையும் இருக்காது. தன்னிடம் அது இருப்பதே தெரியாது. அப்படிப்பட்ட இருவருக்கு, ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகளும் அத்தை மகனும் எட்டில் ஒரு பங்கு ஜீன்களைப் பொதுவாகக் கொண்டவர்கள். தாய்மாமனைக் கட்டினால் அது நான்கில் ஒரு பங்கு. இதை நம் ஊர்களில் கல்யாணத்துக்கு முன்னால் சொல்ல ஆள் இல்லை. குழந்தை பிறந்த பிறகு, கிரகணத்தில் வெளியே வந்தாயா, என்ன சாப்பிட்டாய், யார் சாபம் என்று அம்மாவை மட்டும் விசாரிக்க ஊரே இருக்கிறது. ஒரு காதுகுத்து வீட்டில் அப்படிப் பேச்சு எழுந்தபோது என் மாமியார், அதாவது என் அத்தை, பந்தியிலிருந்தே குரல் கொடுத்தார்: "எங்க அண்ணன் மகதான் அவ. அவ ரத்தமும் என் ரத்தமும் ஒண்ணு. யாரைச் சொல்றீங்க?" அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மருந்து வந்துவிட்டதாமே என்று செய்தித்தாளை வெட்டி அனுப்புகிறவர்களும் உண்டு. வந்தது உண்மைதான். 2017 டிசம்பரில் அமெரிக்கா லக்ஸ்டர்னா என்ற ஜீன் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. ஆர்.பி.ஈ.65 என்ற ஒரே ஜீனில் பழுது உள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் விழித்திரையில் உயிருள்ள செல்கள் போதுமான அளவு மிச்சம் இருந்தால் மட்டும் அது பயன்படும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அப்போதைய விலை எட்டரை லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல். என் மகளின் பழுது வேறு ஜீனில். ஆராய்ச்சிகள் நடக்கட்டும், அவளுக்கும் ஒரு நாள் வரட்டும். அந்த நாளுக்காக அவளுடைய குழந்தைப் பருவத்தைக் காக்க வைக்க முடியாது.

சிறப்பு ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு வந்து சொன்ன முதல் பாடம் இது: "முகத்தைப் பார்க்காதீங்க, விரலைப் பாருங்க." நான் பக்கத்தில் போனால் குழந்தை அசையாமல் கிடப்பாள். என்னைப் பிடிக்கவில்லையோ என்று நெஞ்சு அடைத்துக்கொள்ளும். காது கொடுத்துக் கேட்பதற்காகத்தான் அப்படி அசையாமல் இருக்கிறாள் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. முகம் சும்மா இருந்தபோதும் கால்மாட்டில் என் புடவை சரசரத்தால் அவளுடைய பத்து விரலும் விரிந்து மடங்கின. செல்மா ஃப்ரைபெர்க் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் பார்வையற்ற குழந்தைகளோடு பல ஆண்டுகள் பழகி, 1977-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இந்த விரல் பாஷையை அவர் அதில் பதிவு செய்திருக்கிறார். பார்வையுள்ள குழந்தை ஐந்தாறு மாதத்தில் கண்ணில் பட்ட பொம்மைக்குக் கை நீட்டிவிடும். பார்வையற்ற குழந்தை சத்தம் வரும் இடத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்று புரிந்து கை நீட்ட, பெரும்பாலும் முதல் வயது முடியப் போகும். தவழ்வது தள்ளிப்போவதற்கும் காரணம் இதுதான். கண்ணில் பட்டு இழுக்க ஏதாவது இருந்தால்தானே குழந்தை அதை நோக்கிப் போகும்!

இந்த நோயுள்ள குழந்தைகளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. முஷ்டியால் கண்ணை அழுத்திக்கொள்வார்கள். அழுத்தம் பட்டால் விழித்திரையில் ஒளி மின்னுவதுபோல் ஓர் உணர்வு வருமாம். ஆண்டுக்கணக்கில் அழுத்தினால் கண் குழிந்து போகும், கருவிழிப் படலமும் கெடலாம். "கையை எடு, கையை எடு" என்று நாள் முழுக்கச் சொல்வதில் பலன் இல்லை. கைக்கு அதைவிட ருசியான வேலை வேண்டும். அவளுடைய அப்பத்தா ஒரு முறம் மொச்சைக்காயை மடியில் வைத்து உரிக்கக் கற்றுக்கொடுத்தார். காயின் முதுகு எது, வயிறு எது, எங்கே நகத்தை வைத்தால் பிளக்கும் என்று அவள் விரலைப் பிடித்துக் காட்டினார். புழு துளைத்த காயைத் துளை தட்டுப்பட்டதுமே ஒதுக்கிவிடுவாள். இன்றைக்கும் பேச்சு சுவாரசியத்தில் நான் விட்டதை அவள் கண்டுபிடித்துக் கொடுப்பாள்.

அந்த மொச்சைதான் ஒரு நாள் எனக்கு வேறு ஒன்றைக் காட்டியது. "இது எங்கருந்து வருது?" என்று கேட்டாள். கொடியிலிருந்து என்றேன். கொடி என்றால் அவளுக்குத் துணி காயப்போடுகிற கயிறு. வாழைப்பழம் என்றால் உரித்து நறுக்கிய துண்டு, பால் என்றால் கவர், மரம் என்றால் சொரசொரப்பான ஒரு தூண். பார்வையுள்ள பிள்ளைகள் ஜன்னல் வழியே, சாலையோரத்தில், யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒன்றோடொன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இவளுக்கு யாராவது கொண்டுவந்து கையில் சேர்த்தால்தான் உண்டு.

யானையைத் தடவிய குருடர்கள் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். ஒருவர் உலக்கை என்றார், ஒருவர் முறம் என்றார், ஒருவர் தூண் என்றார். அவர்களுக்கு அறிவு போதவில்லை என்பதுபோல் கதை முடியும். எனக்கு அந்தக் கதை பிடிக்காமல் போய்விட்டது. அந்த யானையை முழுக்கச் சுற்றிவர அவர்களை யார் விட்டார்கள்? ஓர் ஏணி கொடுத்து, முதுகுவரை ஏற்றி, நாள் முழுக்கத் தடவ விட்டிருந்தால் யானையைப் பற்றி நமக்கே அவர்கள் பாடம் எடுத்திருப்பார்கள். நேரத்தையும் ஏணியையும் கொடுக்காமல், தப்பாகச் சொன்னார்கள் என்று சிரிக்கிறோம்.

அதனால் எங்கள் வீட்டில் எதையும் முழுசாகக் காட்டுவது என்று வைத்துக்கொண்டோம். ஊரில் மாமா தோட்டத்து முருங்கையை வேரிலிருந்து தடவத் தொடங்கினாள். அப்பா தோளில் ஏறி, பிறகு ஏணியில் ஏறி, காம்பும் இலையும் பூவும் காயும் கைக்கு வந்தபிறகு, "இதுக்கு மேல என்ன?" என்றாள். ஒன்றுமில்லை, காற்றுதான் என்றார் அவர். கையை மேலே வீசிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டுதான் இறங்கினாள்.

பஸ் என்றால் அவளுக்குப் படிக்கட்டு, கம்பி, சீட்டு, விசில். ஒரு டெப்போவில் பேசி, நின்றிருந்த பஸ்ஸைச் சுற்றிவர அனுமதி வாங்கினோம். பின்பக்க ஏணியிலிருந்து ஆரம்பித்து, தகரத்தை ஒரு கையால் தொட்டபடியே நடந்தாள். டயர் அவள் நெஞ்சு உயரம் இருந்தது. அதன் பள்ளங்களில் மாட்டியிருந்த ஜல்லிக்கல்லை நோண்டி எடுத்தாள். முன்பக்கம் வந்து ஹெட்லைட் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, "அம்மா, இதுக்கு மூஞ்சி இருக்கு!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற டிரைவர் அவளைத் தூக்கிச் சீட்டில் உட்காரவைத்து ஹாரனை அமுக்கச் சொன்னார்.

பள்ளிக்கூடம் தேடியபோது ஒரு தலைமையாசிரியர், "எங்ககிட்ட வசதி இல்லைம்மா" என்று கையை விரித்தார். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு. எங்களைப் போன்ற பெற்றோர் இதை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. இப்போது அவள் சிறப்புப் பள்ளியில் பிரெய்ல் படிக்கிறாள். சிலேட்டில் வலமிருந்து இடமாக ஊசியால் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாக வாசிக்கிறாள். நம் அச்சில் 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் வந்து நிற்கும். நம் மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் காதில் கேட்கிற வரிசையிலேயே 'க' முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் வரும். அவளிடம் கற்றுக்கொண்டுதான் நான் குத்துகிறேன். என் புள்ளிகள் மழுங்கலாக இருக்கின்றன, அழுத்திக் குத்து என்கிறாள்.

வானவில், நிலா, மேகம் எல்லாம் கைக்கு வராது. அவற்றைச் சொல்லத்தான் வேண்டும், அவளும் கேட்டுக்கொள்கிறாள். கைக்கு வரக்கூடியதை வெறும் சொல்லால் கொடுத்து ஒப்பேற்றினால்தான் கோபம் வருகிறது. அடுத்து ரயில் என்ஜின் கேட்டிருக்கிறாள். பெட்டியும் பெட்டியும் எப்படிக் கோத்துக்கொள்கின்றன என்று தொட்டுப் பார்க்க வேண்டுமாம். நிலையத்தில் யாரிடம் அனுமதி கேட்பது என்று அவள் அப்பா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.